மட்டையும் மிலாறும் நறுக்கும் யந்திரம்: வாங்குதல், பேணுதல், பழுது பார்த்தல்

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டங்களிலும் கல்வராயன் மலை மீதும் ஆண்டு முழுவதும் மரக்கழிவு சேர்ந்துகொண்டே இருக்கிறது. தென்னையிலிருந்து விழும் மட்டை, கவாத்து செய்த மா, பலாக் கிளைகள், வேலி மரங்களின் மிலாறு, விதைக்கு எடுத்தது போக எஞ்சும் மரவள்ளிக் குச்சி, பருத்தி மாறு ஆகிய இவற்றுள் அடுப்புக்குப் போவது சிறிது. மீதி வரப்போரத்தில் கொளுத்தப்படுகிறது. அல்லது குவிந்து கிடந்து பாம்புக்கும் எலிக்கும் கறையானுக்கும் இருப்பிடமாகிறது. கொளுத்தினால் நிலத்துக்கு மிஞ்சுவது ஒரு கை சாம்பலே. அதில் சாம்பல்சத்து உண்டு. தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்கும் பொருளும் அழிந்துபோகிறது.

இக்கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுக்கும் யந்திரங்கள் இப்பொழுது நாட்டுப்புறங்களிலும் பரவி வருகின்றன. ஜனங்கள் இவற்றை மட்டை அரைக்கும் மிஷின் என்று அழைக்கிறார்கள். ஆனால் கணக்குப் பாராமல் வாங்கப்பட்டு, ஒரு வருஷம் ஓடி, கத்தி மழுங்கி, பேரிங் தேய்ந்து, கொட்டகையில் துருப்பிடித்து நிற்கும் யந்திரங்களும் பல. ஆகையால் வாங்குமுன் கவனிக்க வேண்டியவையும், வாங்கியபின் செய்ய வேண்டியவையும் இங்கே முறையாகக் கூறப்படுகின்றன.

முதலில் கணக்கு

யந்திரத்தின் விலையை விசாரிப்பதற்கு முன், அதற்குப் போடும் இரை எவ்வளவு என்று ஒவ்வொரு விவசாயியும் கணக்கிட வேண்டும். நன்கு வளர்ந்த தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் வருஷத்தில் சுமார் 12 மட்டைகளை உதிர்க்கிறது. ஏக்கருக்கு 70 மரம் என்று கொண்டால் 840 மட்டை ஆகும். 5 ஏக்கர் தோப்புடையவருக்கு வருஷத்தில் 4,200 மட்டை சேரும். ஒரு யந்திரம் மணிக்கு 200 மட்டை நறுக்குவதாக வைத்துக்கொண்டால், அவருடைய வேலை முழுவதும் 21 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

உதாரணமாக அந்த யந்திரத்தின் விலை 2 லட்சம் ரூபாய், ஆயுள் 10 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் மாத்திரம் வருஷத்துக்கு 20,000 ரூபாய். அதை 21 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 952 ரூபாய் விழுகிறது. டீசல், ஆள் கூலி, கத்தி, வட்டி ஆகியவை இதற்கு மேல். அதே யந்திரத்தை இத்தகைய 10 பேர் சேர்ந்து வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 210 மணி ஓடும். தேய்மானம் மணிக்கு 95 ரூபாயாகக் குறையும். ஆகவே 5 ஏக்கர், 10 ஏக்கர் உடையவர் தனியாக வாங்குவது தகாது. வாடகைக்கு எடுப்பதோ, கூட்டாக வாங்குவதோ சிலாக்கியம்.

மத்திய அரசாங்கத்தின் வேளாண் யந்திரமயமாக்கல் உப இயக்கம் 2014-15-இல் தொடங்கப்பட்டது. அதன்படி பொதுப் பிரிவினருக்கு விலையில் 40 சதவீதமும், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 சதவீதமும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. உச்சவரம்பும் அனுமதிக்கப்பட்ட யந்திரங்களின் பட்டியலும் அவ்வப்போது மாறுவதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, விண்ணப்பத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். மானியம் கிடைக்கிறது என்பதற்காக மாத்திரம் வாங்குவது கூடாது. பாதி விலைக்கு வாங்கிய யந்திரமும் ஓடாமல் நின்றால் அந்தப் பாதி நஷ்டமே.

யந்திரங்களின் வகை

மரம் நறுக்கும் யந்திரத்தை 1884-இல் ஜெர்மனி தேசத்தில் பீட்டர் ஜென்சன் என்பவர் முதன்முதலில் செய்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று விற்பனையாகும் பல வகைகளையும் மூன்றில் அடக்கலாம்.

முதலாவது தட்டு வகை. கனமான இரும்புத் தட்டில் இரண்டு முதல் நான்கு கத்திகள் பூட்டப்பட்டிருக்கும். தட்டு சுழலும்போது, அசையாமல் நிற்கும் எதிர்க்கத்தியின்மேல் கிளை அழுந்தி, ஒரே அளவான சிராய்களாகச் சீவப்படும். சவுக்கு, வேம்பு, சில்வர் ஓக் போன்ற நேரான கிளைகளுக்கு இது ஏற்றது.

இரண்டாவது உருளை வகை. உருளையின்மேல் கத்திகள் அமைந்திருக்கும். கவைகளும் இலைகளும் நிறைந்த மிலாற்றை இது எளிதில் இழுத்துக்கொள்ளும். சிராய் சற்று ஒழுங்கற்று விழும்.

மூன்றாவது சுத்தி வகை. கத்திக்குப் பதிலாக, ஆடும் இரும்புச் சுத்திகள் பொருளை அடித்து நார் நாராக்கும். அடியிலுள்ள சல்லடையின் கண்ணைப் பொறுத்துத் தூளின் அளவு அமையும். சருகு, சோளத்தட்டை, பருத்தி மாறு ஆகியவற்றுக்கு இது போதும். சவுக்குக் கட்டை இதற்கு ஆகாது.

தென்னை மட்டையின் நார் தண்டில் சுற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆகையால் மட்டையே முக்கிய வேலையாயின், முதலில் கத்தியால் வெட்டிப் பிறகு சுத்தியால் அடிக்கும் இரட்டை அமைப்புள்ள யந்திரத்தைத் தேட வேண்டும். 5 அல்லது 7.5 குதிரைசக்தி மோட்டார் பூட்டிய சிறு யந்திரம் மட்டைக்கும் மெல்லிய மிலாற்றுக்கும் உதவும். முழங்கைப் பருமனுக்கு மேற்பட்ட கிளைகளுக்கு டிராக்டரின் பி.டி.ஓ. தண்டால் ஓடும் யந்திரம் வேண்டும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் முதலிய இடங்களில் நிலம் சரிவானபடியால், டிராக்டரோடு பூட்டிய பெரிய யந்திரத்தைச் சரிவில் நிறுத்துவது அபாயம். அங்கே வண்டியில் ஏற்றிச் செல்லக்கூடிய சிறு எஞ்சின் யந்திரமே பொருந்தும். மலையில் மரம் வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதியைப் பற்றி முன்னதாக விசாரித்துக்கொள்வது முறை.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை

விற்பவர் காட்டும் காய்ந்த கொம்பை நறுக்கிப் பார்ப்பது சோதனையாகாது. வாங்குபவர் தம் தோப்பிலுள்ள பச்சை மட்டை பத்தும், காய்ந்த மட்டை பத்தும், கவையுள்ள கிளைகள் சிலவும் கொண்டுபோய் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் யந்திரத்தை நிறுத்தி, பேரிங் இருக்கும் இடத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அதை ஏற்கலாகாது.

பழைய யந்திரமாயின், தட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி, தண்டு ஆடுகிறதா, கத்தியின் இருக்கையில் வெடிப்பு உண்டா, பற்றவைத்த தழும்பு உண்டா என்று பார்க்க வேண்டும். புதிதாக வர்ணம் பூசிய இடத்தைச் சற்றுச் சுரண்டிப் பார்ப்பது நலம். மாற்றுக் கத்தியும் பேரிங்கும் பெல்ட்டும் கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ கிடைக்குமா என்பதையும், கத்தி ஒரு ஜோடியின் விலையையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வாய்த்தொட்டி. வட இந்தியாவில் கோதுமை போரடிக்கும் யந்திரங்களில் கூலியாட்கள் பலர் கையிழந்ததன் பேரில், 1983-இல் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த யந்திரங்களுக்கான இந்தியத் தர விதியில், தொட்டி 90 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், அதில் 45 சென்டிமீட்டருக்குக் குறையாத பகுதி மேல்மூடியுடனும் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. நறுக்கும் யந்திரத்துக்கும் இந்த அளவை மனத்தில் கொள்ளலாம். தொட்டியின் வாயில் நின்று கையை முழுவதும் நீட்டினாலும் விரல் கத்தியை எட்டலாகாது. எட்டுமானால் எவ்வளவு மலிவாயினும் வாங்கக்கூடாது.

கத்தியே யந்திரம்

இந்த யந்திரத்தின் உயிர் கத்தியில் இருக்கிறது. கத்தி கூராயிருந்தால் கிளையைத் தானே இழுத்துக்கொள்ளும், சிராய் சுத்தமான முகத்தோடு விழும், எரிபொருள் குறையும். கத்தி மழுங்கினால் தூளும் நீண்ட நாரும் கலந்து விழும், எஞ்சின் முக்கும், ஆள் கிளையைப் பிடித்துத் தள்ள வேண்டிவரும். கை அபாயத்துக்கு உள்ளாவதும் அப்பொழுதே.

கத்தியைக் கெடுப்பவை மணலும் இரும்பும். மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அப்படியே போடுவது பெரும் பிழை. தட்டி உதறிப் போட வேண்டும். வேரோடு பிடுங்கிய செடியின் வேர்ப்பாகத்தை வெட்டி நீக்கிவிட வேண்டும். வேலி மரங்களில் புதைந்த முள்கம்பியும், தென்னையில் அடித்த ஆணியும் கத்தியின் வாயை ஒரே சுற்றில் பிளந்துவிடும். மரம் நறுக்குவதாயின் வெட்டிய அன்றே பச்சையாக நறுக்குவது மேல். காய்ந்து இறுகிய கட்டை கத்தியைச் சீக்கிரம் தேய்க்கும்.

சாணை பிடிப்பதில் கவனிக்க வேண்டியவை நான்கு. (1) ஜோடிக் கத்திகளைச் சேர்த்தே கழற்றிச் சேர்த்தே தீட்ட வேண்டும். ஒன்றில் அதிகமாகத் தேய்த்தால் தட்டின் சமநிலை கெட்டு, யந்திரம் அதிர்ந்து, பேரிங் போய்விடும். தீட்டியபின் இரண்டையும் தராசில் வைத்து எடை ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய வழி. (2) செய்தவர் வைத்த சாய்வையே காக்க வேண்டும். அது பெரும்பாலும் 30 முதல் 35 பாகை வரை இருக்கும். (3) சாணையில் அழுத்திப் பிடித்துக் கத்தியின் விளிம்பு நீலநிறமாகும்படி சூடேற்றலாகாது. நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று அறிய வேண்டும். அடிக்கடி தண்ணீரில் நனைத்துச் சிறிது சிறிதாகத் தீட்ட வேண்டும். (4) திரும்பப் பூட்டும்போது தேய்ந்த போல்ட்டுகளை உபயோகிக்காமல், அதே தரமுள்ள புதியவற்றைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடியும் முறுக்கிவிட வேண்டும்.

கத்திக்கும் எதிர்க்கத்திக்கும் இடையே உள்ள இடைவெளி பெரும்பாலான யந்திரங்களில் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். யந்திரத்தோடு வரும் கையேட்டில் கண்ட அளவே சரியானது. இடைவெளி அதிகமானால் நார் வெட்டுப்படாமல் மடங்கி உள்ளே போகும். கத்தியைத் தீட்டும் ஒவ்வொரு தடவையும் இந்த இடைவெளியை அளவுத் தகட்டால் சோதித்துச் சரிப்படுத்த வேண்டும். எதிர்க்கத்தியின் ஒரு விளிம்பு தேய்ந்தால், பல யந்திரங்களில் அதைத் திருப்பிப் போட்டு மறு விளிம்பை உபயோகிக்கலாம்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

வேலை தொடங்குமுன் எண்ணெய் மட்டம், போல்ட்டுகளின் இறுக்கம், பெல்ட்டின் தளர்ச்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்குவது சரியான இறுக்கம். பல பெல்ட்டுகள் ஓடும் கப்பியில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் கலந்தால் புதியதே முழுப் பாரத்தையும் சுமந்து விரைவில் அறும்.

பேரிங்குகளுக்குக் கையேட்டில் கண்டபடி கிரீஸ் இட வேண்டும். அளவுக்கு மேல் திணித்தாலும் பேரிங் சூடேறும். எஞ்சினின் காற்று வடிகட்டியிலும் ரேடியேட்டரின் தகடுகளிலும் தூளும் நாரும் அடைத்துக்கொள்வது இந்த வேலையில் சகஜம். ஆகையால் மதிய இடைவேளையில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு அவற்றைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். புகைக்குழாயின்மேல் படிந்த காய்ந்த தூள் தீப்பற்றக்கூடும். ஒரு குடம் தண்ணீர் அருகில் இருக்கட்டும்.

வேலை முடிந்தபின் வெறும் யந்திரத்தை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, உள்ளே இருப்பதை வெளியேற்றி, பிறகு நிறுத்த வேண்டும். பச்சைத் தூளின் சாறு கத்தியில் துருவேற்றும். பல நாள் நிறுத்துவதாயின் கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும்.

கோளாறுகளும் பரிகாரங்களும்

1. யந்திரம் அதிர்தல்: ஒரு கத்தி உடைந்திருக்கும், அல்லது எடை ஒவ்வாதிருக்கும், அல்லது தண்டில் நார் சுற்றியிருக்கும். உடனே நிறுத்த வேண்டும். அதிர்ச்சியோடு ஓட்டுவது பேரிங்கையும் தண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

2. கிளையை இழுக்காமை: முதலில் கத்தியின் கூரையும், பிறகு இடைவெளியையும், பிறகு பெல்ட்டையும் இந்த வரிசையிலே பார்க்க வேண்டும். இழு உருளை உள்ள யந்திரமாயின் உருளையின் பல்லில் அடைந்த நாரை நீக்க வேண்டும்.

3. வெளிப்போக்குக் குழாய் அடைத்தல்: ஈரமான இலையைத் தொடர்ந்து போடுவதால் நேரும். இடையிடையே காய்ந்த குச்சிகளைப் போட்டால் வழி சுத்தமாகும். டிராக்டர் குறைந்த வேகத்தில் ஓடினாலும் அடைக்கும். 540 சுற்றுக்கு என்று செய்த யந்திரத்தை அந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும். வேகம் வந்தபின்பே மட்டையைப் போட வேண்டும்.

4. ஷியர் போல்ட் அடிக்கடி அறுதல்: இது பாரம் மிகும்போது தான் அறுந்து யந்திரத்தைக் காப்பாற்றும்படி வைக்கப்பட்ட மெல்லிய போல்ட். அறுகிறதே என்று கடினமான போல்ட்டையோ இரும்பு ஆணியையோ போடுவோர் உண்டு. அடுத்த தடவை அறுவது கியர் பெட்டியாகவோ டிராக்டரின் தண்டாகவோ இருக்கும். அதே வகைப் போல்ட் பத்தை வாங்கி வைத்துக்கொள்வது எளிது.

5. மின்மோட்டார் சூடேறுதல்: மின்னழுத்தம் குறைவாயிருக்கும், அல்லது மும்முனையில் ஒருமுனை இல்லாதிருக்கும். மிகைப்பாரத்தில் தானே துண்டிக்கும் ரிலே இன்றி மோட்டாரை ஓட்டலாகாது. பழுது பார்த்து இணைத்தபின் தட்டு எதிர்ப்பக்கம் சுழன்றால் கத்தி வெட்டாது. மின்முனை இரண்டை மாற்றிக் கட்டினால் சரியாகும். மின் வேலையைத் தெரிந்தவரே செய்ய வேண்டும்.

ஆள் பத்திரம்

யந்திரத்தை இருவர் இருந்தே ஓட்ட வேண்டும். ஒருவர் மட்டையைப் போட, மற்றவர் நிறுத்தும் விசையருகே நிற்க வேண்டும். தொங்கும் துண்டு, தலைப்பாகை நுனி, முந்தானை, வளையல், கையில் கட்டிய கயிறு, தொளதொளத்த கையுறை ஆகிய எதுவும் ஆகாது. கிளையை அடிப்பக்கம் முதலாகப் போட்டு, பிடித்துக்கொண்டதும் கையை விட்டு ஒதுங்கிவிட வேண்டும்; நேர் எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். குட்டைத் துண்டுகளைக் கையால் தள்ளாமல் மரக்கோலால் தள்ள வேண்டும்; காலால் மிதித்துத் தள்ளுவது உயிருக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் நிற்பவரின் கண்ணுக்குச் சிராய் தெறிக்கும்.

எஞ்சினை நிறுத்தியபின்னும் கனத்த தட்டு சிறிது நேரம் சத்தமின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். அது அறவே நின்றபின், சாவியை மடியில் வைத்துக்கொண்டே மூடியைத் திறக்க வேண்டும். பி.டி.ஓ. தண்டின்மேல் உள்ள உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது பல இடங்களில் வழக்கமாகியிருக்கிறது. நிமிஷத்துக்கு 540 தடவை சுழலும் தண்டில் வேட்டி நுனி பட்டால், அதை விடுவிக்க அவகாசம் கிடையாது.

நறுக்கியதை என்ன செய்வது

நறுக்கிய மட்டையைத் தென்னையைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரமுள்ள பாத்தியில் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும். அடிமரத்தை ஒட்டாமல் ஓர் அடி தள்ளிப் போட வேண்டும். மலைச்சரிவில் சரிவுக்குக் குறுக்காக வரிசையாகப் போட்டால், கோமுகி ஆற்றுக்கு அடித்துச் செல்லப்படும் மேல்மண் ஓரளவு தங்கும். பச்சைச் சிராயை மண்ணோடு கலந்து உழுதால், அது மக்கும்போது தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரை வெளுக்கச் செய்யும். ஆகையால் மேலாகப் பரப்புவதோ, மக்கவைத்து இடுவதோ செய்ய வேண்டும்.

1916-இல் அன்றைய சென்னை அரசாங்கம் காசரகோட்டில் ஒரு தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியது. அதுவே இன்றைய மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம். அந்நிலையம் தென்னை ஓலையை மண்புழு உரமாக்கும் முறையை வகுத்திருக்கிறது. ஒரு டன் ஓலைக்குச் சுமார் 100 கிலோ சாணம் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, மண்புழு விட்டால் சுமார் 3 மாதத்தில் உரமாகும். நறுக்கிய ஓலை இதற்கு மிகவும் அனுகூலம்.

ஓர் எச்சரிக்கை. மக்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பிறகு தென்னையின் குருத்தைத் துளைக்கும். ஆகையால் குவியலைத் தோப்பிலே மாதக்கணக்கில் தீண்டாமல் விடலாகாது. அவ்வப்போது கிளறி, பருத்த வெண்புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சணத்தைக் குவியலில் இடுவதும் பலன் தரும். பருத்தி அறுவடை முடிந்ததும் மாற்றைப் பிடுங்கி நறுக்கிவிட்டால், அதில் தங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்துக்குத் தாவுவது குறையும். மாவுப்பூச்சி பிடித்த மரவள்ளிக் குச்சியை மாத்திரம் நறுக்கிப் பரப்பாமல், அந்த இடத்திலேயே எரித்துவிட வேண்டும். சீமைக்கருவேலின் சிராயில் முள் இருப்பதால் அது நடைபாதைக்கும் பாத்திக்கும் ஆகாது. விறகாக விற்பதே தகும்.

கிராமத்தார் கவனிக்க வேண்டியவை

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. சாய்ந்த மரங்களை அகற்றுவதே மாதக்கணக்கான வேலையாயிற்று. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழை கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. புயல் வந்தபின் யந்திரத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் குழுவோ யந்திரம் வாங்கும் ஊர்களில், கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் சில ஏற்பாடுகளுக்குத் துணை நிற்க வேண்டும். யந்திரத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும்; சாவி அவரிடமே இருக்க வேண்டும். ஓடிய மணி, தீட்டிய தேதி, மாற்றிய பாகம் ஆகியவற்றை எழுதும் ஒரு நோட்டு இருக்க வேண்டும். மணி வாடகையில் ஒரு பங்கைக் கத்திக்கும் பேரிங்குக்கும் என்று தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். ஊரில் இருவராவது ஓட்டவும் கத்தி பூட்டவும் பழகியிருக்க வேண்டும்.

இம்மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் வரும். ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் கத்தி ஒரு ஜோடி தீட்டி எண்ணெயிட்டு வைப்பதும், பெல்ட், ஷியர் போல்ட், கிரீஸ் ஆகியவற்றை வாங்கிச் சேர்ப்பதும், யந்திரத்தை ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதும் தவறாமல் செய்யத்தக்கவை.